தோம்பு முதல் கணினி வரை

பூநகரியிலே கோட்டை ஒன்று உண்டு. யாழ்ப்பாணக் கடனீரேரியின் தென்கரையிற் சதுர வடிவாகப் போர்த்துக்கேயர் எழுப்பிய அக்கோட்டையை ஒல்லாந்தர் 1770ஆம் ஆண்டளவில் விரிவாக்கினர். 1805ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அவ்விடத்தில் ஒரு தங்குமனை அமைத்தனர். அந்நியர் விட்டுச் சென்றவற்றுள் எல்லார் கண்ணுக்கும் தெரிவது இக்கல்லுக்கட்டடமே. ஆயினும், மக்கள் வாழ்வை அதனினும் ஆழமாகத் தொட்டது தாளினால் ஆன வேறொன்று. அதுவே தோம்பு.

தோம்பு என்பது போர்த்துக்கேயச் சொல். பதிவேடு என்பது அதன் பொருள். லிசுபன் நகரத்து அரச ஆவணக் காப்பகத்துக்கே தோம்புக் கோபுரம் என்று பெயர். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபின், எந்த ஊரில் எவ்வளவு நிலம், அதற்கு என்ன இறை என்று எழுதி வைப்பது புதிய ஆட்சியாளருக்கு இன்றியமையாததாயிற்று. 1645ஆம் ஆண்டின் நிலையைக் காட்டும் போர்த்துக்கேய ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு, பி. ஈ. பீரிஸ் 1920இல் ஒரு நூல் வெளியிட்டார்.

1658இல் வந்த ஒல்லாந்தர் இம்முறையைச் செம்மை செய்தனர். தலைத்தோம்பு, காணித்தோம்பு என இருவகை ஏடுகள் இருந்தன. முன்னையது குடும்பத் தலைவனையும் அவன் சுற்றத்தையும் கூறும். பின்னையது நிலத்தின் பெயர், அளவு, உரியவர், இறை என்பவற்றைக் கூறும். ஆளை ஓரேட்டிலும் நிலத்தை மற்றோரேட்டிலும் எழுதி, பெயரினால் இரண்டையும் இணைத்த இம்முறை எண்ணி வியத்தற்குரியது.

எழுதுவதிலும் கடினமானது எழுதியதைக் காலத்துக்கேற்பத் திருத்தி வருவது. யாழ்ப்பாணக் கொம்மாந்தராய் இருந்த ஹென்றிக் ஸ்வார்தகுரோன், தாம் இல்லாதபோது ஆள்வோர்க்கென 1697இல் எழுதிய அறிவுரைக் குறிப்பில் இத்தோம்பு வேலையும் இடம்பெற்றது. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையை நோக்கின் இவ்வேலையின் கடினம் புலனாகும். மகளுக்குச் சீதனமாக ஒரு துண்டு போகும். தந்தை இறந்தால் முதுசம் பல பங்காகும். ஒவ்வொரு கலியாணமும் ஒவ்வொரு சாவும் ஏட்டிலே ஒரு வரியை மாற்றுகின்றன. ஆகவே, தோம்பு எழுதி முடிந்த அன்றே பழையதாகத் தொடங்கிவிடுகின்றது.

ஆங்கிலேயர் காலத்தில் வேறொரு நன்மை சேர்ந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு, எழுத்தில் நிகழவேண்டும் என விதித்தது. நாளடைவில், உறுதியின் மூலம் உரியவரிடத்தும், ஒரு பிரதி நொத்தாரிசிடத்தும், மற்றொன்று காணிப் பதிவகத்தும் இருப்பது வழக்கமாயிற்று. ஓரிடத்தில் தீப்பிடித்தாலும் மற்றையிடத்தில் உண்மை உயிரோடிருக்கும்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரச நிலம் பெற்றோர் நிலை சற்று வேறு. அவர்களுக்குக் கிடைத்தது உத்தரவுப்பத்திரம். நொத்தாரிசு எழுதும் உறுதியன்று. பத்திரம் குடியானவன் கையிலும், அதன் விபரம் அரச அலுவலகத்துப் பேரேட்டிலும் இருக்கும். இவ்விரண்டுமே அவனுக்குச் சான்று.

பின்னர்ப் போர் வந்தது. 1993ஆம் ஆண்டு நவம்பரிற் பூநகரியிற் பெருஞ்சமர் மூண்டது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் அப்பகுதி மறுபடி கைமாறியது. வன்னி மக்கள் ஊர்விட்டு ஊர் ஓடிய அக்காலத்திற் பெட்டியோடு பத்திரமும் போயிற்று. அலுவலக ஏடுகளும் சிதைந்தன. திரும்பி வந்தவன் தான் வெட்டிய கிணற்றையும் நட்ட தென்னையையும் காட்டலாம். எழுத்தைக் காட்ட இயலாது. வடக்குக் கிழக்கின் அரச காணிப் பிரச்சினைகளைத் தீர்க்கவென 2013ஆம் ஆண்டில் ஒரு சுற்றறிக்கையே வெளியிட வேண்டியதாயிற்று.

இனி இத்தகைய பதிவுகளின் இருப்பிடம் கணினியே என்பர். அது மெய்யே. 1970ஆம் ஆண்டில் எட்கர் கொட் என்னும் அறிஞர், விபரங்களைத் தனித்தனி அட்டவணைகளாக வகுத்துப் பொதுக் குறியீட்டால் இணைக்கும் முறையை வகுத்துரைத்தார். தலைத்தோம்பும் காணித்தோம்பும் இணைந்து நின்றமை இதற்கு ஒருவாறு ஒப்பாகும். 1992இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அக்செஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டபின், சிறு வணிகநிலையமும் சிற்றலுவலகமும் தம் மேசைமீதே தரவுத்தளம் ஒன்றை அமைத்துக்கொள்ளல் எளிதாயிற்று.

எளிமையோடு இடரும் வந்தது. ஓர் அலுவலகத்தில் ஐவர் வேலை செய்கின்றனர் என்று கொள்வோம். ஐவரும் முழுக் கோப்பையும் தத்தம் கணினியிற் படியெடுத்து வைத்துத் திருத்துவாராயின், ஒரு மாதத்தில் ஐந்து வேறு கணக்குகள் தோன்றும்; எது மெய்யென்று எவராலும் கூறவியலாது. ஆதலின், அறிந்தோர் தரவுத்தளத்தை இரண்டாகப் பிரிப்பர். விபரம் அடங்கிய அட்டவணைகள் பொதுக் கணினி ஒன்றில் ஒரே கோப்பாக இருக்கும். பார்ப்பதற்கும் எழுதுவதற்குமான படிவங்கள் ஒவ்வொருவர் கணினியிலும் தனிக் கோப்பாக இருக்கும். படிவத்தை மாற்ற வேண்டின் புதிய படிவக் கோப்பை வழங்கினாற் போதும். விபரத்திற் கைவைக்க வேண்டியதில்லை. யார் திருத்தலாம், யார் பார்க்க மட்டுமே செய்யலாம் என்பதும் முன்னரே வரையறுக்கப்படும். அன்றாடம் எடுக்கும் பிரதியொன்று அலுவலகத்துக்கு வெளியே, வேறோரூரிற் காக்கப்படும். அப்பிரதியை இடையிடையே திறந்து, அது பழுதின்றி மீள்கின்றதா என்றும் பார்க்கப்படும்.

1755ஆம் ஆண்டின் நிலநடுக்கத்திலே லிசுபனின் தோம்புக் கோபுரம் இடிந்தது. இடிபாட்டிலிருந்து ஏடுகளைப் பொறுக்கியெடுத்துக் காத்தனர் அந்நாட்டார். அவ்வாய்ப்பு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எனவே, கருவி பனையோலையாயினும் தாளாயினும் கணினியாயினும் நெறி ஒன்றே: திருத்துமிடம் ஒன்றாயிருத்தல் வேண்டும், காக்குமிடம் பலவாயிருத்தல் வேண்டும், மாற்றத்தை அன்றன்று பதியும் பொறுப்பான கை ஒன்று வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் அவ்விழப்பு பதிவேட்டோடு நில்லாது. ஓர் ஏழைக் குடும்பத்தின் நிலமும் அதனோடு போகும்.