படைவீரரின் மனைவி, பனிமலையில் ஒரு தாய்



என் வகுப்பில் ஒரு நாள் போர்களைப் பற்றிப் பாடம் நடத்தினேன். மன்னர்கள், தளபதிகள், ஆண்டுகள் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதி முடித்தேன். அப்போது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அப்பா சண்டைக்குப் போனால் அம்மாவும் பிள்ளைகளும் எங்கே இருப்பார்கள்?" என்று கேட்டாள். பாடநூலில் இல்லாத கேள்வி. ஆனால் நல்ல கேள்வி. அதற்கு விடையாக இன்று ஒரு பெண்மணியின் வரலாற்றைக் கூறுகிறேன்.

அவர் பெயர் புளோரென்ஷியா சேல். ஆங்கிலேயர், ஆனால் பிறந்தது 1790-ஆம் ஆண்டில் நமது சென்னைப் பட்டினத்தில். 1809-இல் ராபர்ட் சேல் என்னும் படை அதிகாரியை மணந்தார். மொரீஷியஸ், பர்மா, இந்தியா எனக் கணவரின் பணி நாடு நாடாக நீண்டது. படைவீரரின் மனைவிக்குச் சொந்த ஊர் ஏது? மூட்டையை அவிழ்த்த இடமே வீடு. இப்படியே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார்.

1839-இல் ஆங்கிலேயரின் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தது. தங்களுக்கு வேண்டிய ஷா ஷூஜா என்பவரை அரியணையில் அமர்த்துவதே நோக்கம். அந்நாட்டு மக்கள் அதை விரும்பவில்லை. ஆயினும் அதிகாரிகள் தங்கள் குடும்பங்களைக் காபூலுக்கு அழைத்துக் கொண்டனர். சேல் அம்மையாரும் மகள் அலெக்ஸாண்ட்ரினாவும் அங்கு வந்தார்கள். வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கும் காலிபிளவரும் விளைந்தன. மகளுக்கு ஸ்டர்ட் என்னும் இளம் பொறியியல் அதிகாரியுடன் திருமணமும் நடந்தது.

1841 அக்டோபரில் மலைக்கணவாய்களைத் திறந்துவிடச் சேல் தம் படையுடன் புறப்பட்டார். பின்னர் ஜலாலாபாத் நகரில் தங்கினார். மனைவியும் மகளும் காபூலில் இருந்தனர். நவம்பர் 2-ஆம் நாள் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். உணவும் மருந்தும் குறைந்தன. தலைமைத் தளபதி எல்பின்ஸ்டன் நோயாளி. எதிலும் உறுதியாக முடிவெடுக்க இயலாதவர். இறுதியில், காபூலை விட்டு வெளியேறுவது என்று உடன்பாடாயிற்று.

1842 ஜனவரி 6-ஆம் நாள், கடும் பனியில் அந்தக் கூட்டம் நடக்கத் தொடங்கியது. படைவீரர்கள் சுமார் 4,500 பேர். பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களைச் சார்ந்து வந்தவர்கள் சுமார் 12,000 பேர். அவர்கள் யார்? சமையற்காரர், தண்ணீர் சுமப்பவர், குதிரைக்குப் புல் வெட்டுபவர், துணி வெளுப்பவர், ஆயாக்கள், சிப்பாய்களின் மனைவி மக்கள். ஜலாலாபாத்துக்கு ஏறக்குறைய 90 மைல். கூடாரம் இல்லை, விறகு இல்லை. காலையில் எழுப்பினால் பலர் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் குர்த் காபூல் கணவாயில் இருபுற மலைகளிலிருந்தும் துப்பாக்கிக் குண்டுகள் பொழிந்தன. ஒரு குண்டு சேல் அம்மையாரின் கையில் பாய்ந்தது. மருமகன் வயிற்றில் காயம்பட்டு மறுநாள் இறந்தார். மகள் அப்போது கருவுற்றிருந்தாள். ஐம்பத்தொரு வயதுத் தாய், தன் கையில் காயத்தோடு, விதவையான மகளைத் தாங்கிக் கொண்டார்.

அன்றே அதிகாரிகளின் மனைவியரும் பிள்ளைகளும் ஆப்கானியத் தலைவர் அக்பர் கானிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அதனால் உயிர் பிழைத்தார்கள். நடந்து சென்றவர்களுள் பெரும்பாலோர் மடிந்தனர். ஜனவரி 13-ஆம் நாள் பிரைடன் என்னும் மருத்துவர் மட்டும் காயங்களோடு ஜலாலாபாத் கோட்டையை அடைந்தார். பின்னர் இந்தியர் சிலரும் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தனர்.

சிறைவாசம் எட்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. கோட்டை விட்டுக் கோட்டை மாற்றினார்கள். நிலநடுக்கமும் வந்தது. ஜூலை மாதத்தில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சிறையிலேயே அம்மையாருக்குப் பேத்தி கிடைத்தாள். செப்டம்பரில் காவலர் தலைவனுக்குப் பணம் தருவதாக வாக்களித்துக் கைதிகள் விடுதலை பெற்றனர். அவர்களை எதிர்கொண்டு வந்த படையின் முன்னணியில் இருந்தவர் அவருடைய கணவரே.

இத்தனை துன்பத்திலும் அந்த அம்மையார் ஒரு வேலையை விடவில்லை. அன்றாடம் நடந்ததைக் குறித்து வைத்தார். தளபதிகளின் தவறுகளையும் தயங்காமல் எழுதினார். அந்தக் குறிப்பு 1843-இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. 1845-இல் கணவரைப் போரில் இழந்த அவர், 1853-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் காலமானார்.

நேயர்களே, இங்கே சற்று எண்ணிப் பாருங்கள். அதே பனியில் அந்த ஆயாக்களும் நடந்தார்கள். சிப்பாயின் மனைவியும் பிள்ளையை மார்போடு அணைத்துக் கொண்டுதான் விழுந்தாள். அவளும் தாய்தானே? அவள் பெயர் நமக்குத் தெரியாது. துரைசானியின் துன்பம் ஏட்டில் ஏறியது. தண்ணீர் சுமந்தவன் மனைவியின் துன்பம் பனியோடு கரைந்தது. எழுத்தறிவும் ஏடும் ஒருத்திக்கு இருந்தன, மற்றவளுக்கு இல்லை. அவள் பட்ட துன்பம் எந்த வகையிலும் குறைந்ததன்று.

என் பாட்டியும் கடல் கடந்து வந்தவர்தான். கப்பலில் தன் தங்கை காய்ச்சலில் இறந்ததை ஒருமுறை சொன்னார். எந்தக் கப்பல், எந்த ஆண்டு, அந்தத் தங்கையின் பெயர் என்ன என்று நான் கேட்டு வைக்கவில்லை. இப்போது கேட்கப் பாட்டி இல்லை. ஊராரின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியனுக்கே இந்த நிலை.

ஆகவே தாய்மார்களே, இன்றிரவு விளக்கணைக்குமுன் உங்கள் வீட்டு மூத்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளையை அதை ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயர், ஊர், ஆண்டு: இம்மூன்றும் போதும், ஒரு வரலாற்றைத் தொடங்க.