பிந்தாங்கோர் மரமும் கலனோலைடு தொகுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழிலக்கியம் பயில்வோர்க்குப் புன்னை அயலான மரமன்று. நற்றிணையின் 172ஆம் பாடலில், சிறுமியர் விளையாட்டாக மணலில் அழுத்திய விதை முளைத்துப் புன்னையாக வளர்கின்றது. தாயோ அம்மரத்தை அவர்தம் உடன்பிறந்தாள் என்கின்றாள். வகுப்பறையில் நாம் இதனை நெய்தலின் கருப்பொருள் என்று சொல்லிக் கடந்துவிடுவதே வழக்கம். மலேசியக் கடற்கரைகளில் பெனாகா லாவுட் என வழங்கும் இம்மரமும், சரவாக் காடுகளின் பிந்தாங்கோர் மரங்களும் காலோபில்லம் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அப்பேரினத்தில் கண்டறியப்பட்ட கலனோலைடு ஏ என்னும் சேர்மத்தின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. சேர்மத்தை ஆய்வகத்தில் தொகுத்துவிட்டால் மரத்தின் தேவை தீர்ந்தது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இவ்வரலாறு அவ்வெண்ணத்திற்கு இடந்தரவில்லை என்பதே எமது கருத்து.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1986இல் வெப்பமண்டலத் தாவரங்களைத் திரட்டும் பணியைத் தொடங்கியது. தென்கிழக்காசியப் பகுதி சிகாகோவிலுள்ள இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பணியின்கீழ் 1987இல் தாவரவியலாளர் ஜான் பர்லி, சரவாக்கின் லுண்டு வட்டாரத்தில் காலோபில்லம் லானிஜெரம் மரமொன்றின் இலைகளையும் சிறு கிளைகளையும் சேகரித்தார். அவற்றின் சாறு, எச்.ஐ.வி. நச்சுயிரி உயிரணுக்களில் பெருகுவதைத் தடுத்தது. அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கலனோலைடு ஏ பற்றிய ஆய்வறிக்கை 1992இல் வெளிவந்தது. இருபத்திரண்டு கரியணுக்கள் கொண்ட இக்கூமரின் வகைச் சேர்மம், நச்சுயிரி தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கப் பயன்படுத்தும் நொதியை முடக்குகின்றது.

மேலும் மூலப்பொருள் வேண்டி ஆய்வாளர் அவ்விடத்திற்குத் திரும்பியபோது அம்மரம் அங்கில்லை; வெட்டப்பட்டிருந்தது. அதே இனத்தைச் சேர்ந்த வேறு மரங்களைச் சோதித்ததில் இச்சேர்மம் காணப்படவில்லை, அல்லது மிகச் சிறிதளவே இருந்தது. இங்கு நாம் சற்று நிற்றல் வேண்டும். தாவரவியல் பெயர் ஒன்றாயிருப்பதால் மரங்களின் வேதியியலும் ஒன்றாயிருக்கும் என்று கொள்வதற்கில்லை. ஓர் இனம் அழியாதிருக்கையிலேயே, அவ்வினத்தின் ஒரு தனிமரத்தோடு ஒரு மருந்தின் வாய்ப்பு மறைந்துவிடலாம்.

இந்நெருக்கடியில் தொகுப்பு வேதியியல் கைகொடுத்தது. 1993இல் ஸ்மித்கிளைன் பீச்சம் நிறுவனத்தின் வேதியியலார், எளிதில் கிடைக்கும் புளோரோகுளுசினாலைத் தொடக்கப்பொருளாகக் கொண்டு கலனோலைடு ஏ-யை உருவாக்கினர். ஆயின் அவர்களுக்குக் கிடைத்தது கலவையே. வலக்கையும் இடக்கையும் போல ஒன்றற்கொன்று ஆடிப்பிம்பமான இரு வடிவங்கள் அதில் சமமாக இருந்தன. மரமோ ஒரு வடிவத்தை மட்டுமே ஆக்கியிருந்தது. விரும்பிய வடிவத்தைத் தேர்ந்து தொகுக்கும் வழி 1995இல் வெளியாயிற்று. கலவையைப் பிரித்துச் சோதித்த மெடிகெம் நிறுவனத்தார், மரம் தந்த வடிவமே நச்சுயிரியைத் தடுக்கின்றது, அதன் பிம்பம் தடுப்பதில்லை என 1996இல் உறுதிசெய்தனர். எதை ஆக்க வேண்டும் என்பதை ஆய்வகம் அந்த ஒரு மரத்தின் இலையிலிருந்தே கற்றது. இலை திரட்டுமுன் மரம் வீழ்ந்திருப்பின், தொகுப்பதற்கென எவரும் இவ்வமைப்பை எண்ணியிருக்க மாட்டார்.

தேடல் காட்டிலும் தொடர்ந்தது. காலோபில்லம் தெய்ஸ்மன்னி என்னும் உறவுமரத்தின் பாலில் காஸ்டடோலைடு எனப்படும் நெருங்கிய சேர்மம் கிடைத்தது. அதன் ஆற்றல் சற்றுக் குறைவு. ஆயினும் பாலை மரத்தை வெட்டாமலே வடித்தெடுக்கலாம். இரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த நம் சமூகத்தார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இனி, உரிமை பற்றிய வினா. சரவாக் மாநில அரசு 1994இல் அமெரிக்க நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. 1996இல் மாநில அரசும் மெடிகெமும் சமபங்கில் ஒரு கூட்டு நிறுவனத்தை அமைத்தன. மறு ஆண்டில் அமெரிக்காவில் மனிதரிடத்துச் சோதனை தொடங்கியது. அதே 1997இல் சரவாக் பல்லுயிர் மையத்திற்கான சட்டமும் இயற்றப்பட்டது. காட்டுக்குரிய மாநிலமே மருந்தாக்கத்தில் சமபங்காளியானது அக்காலத்தில் அரிய நிகழ்வு. அதனை எளிதாக மதிப்பிடுதல் கூடாது. எனினும் கலனோலைடு ஏ இன்றுவரை ஒப்புதல் பெற்ற மருந்தாகவில்லை. அது மெல்ல நகர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அதே நொதியை முடக்கும் பிற மருந்துகள் வழக்கிற்கு வந்துவிட்டன.

நம் புன்னைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1993இல் ஸ்மித்கிளைன் பீச்சம் ஆய்வாளர் முதலில் சோதித்தது மரத்தையன்று, ஆப்பிரிக்கப் பெருநத்தையை. அதன் சாறு எச்.ஐ.வி. நொதியைத் தடுத்தது. பிரித்துப் பார்க்கையில், முன்னரே புன்னையில் அறியப்பட்டிருந்த இனோபில்லம் சேர்மங்கள் அதில் இருந்தன. புன்னை அந்நத்தையின் உணவு. பின்னர் மலேசியப் புன்னையையே எடுத்து ஆராய்ந்தபோது, அச்சேர்மங்கள் நத்தையில் இருந்ததைவிடப் பன்மடங்கு கிடைத்தன.