உருமாறிய துப்பாக்கி: அடையாளமும் விலையும்

1857 என்றதும் நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வரும். கொழுப்பு தடவிய தோட்டா, அதைப் பல்லால் கடிக்க மறுத்த சிப்பாய்கள், மார்ச் 29-ல் பாரக்பூரில் மங்கள் பாண்டே. பரீட்சைக்கு அவ்வளவு போதும். ஆனால் அந்தத் தோட்டா எந்தத் துப்பாக்கிக்காக வந்தது? கலகம் அடங்கிய பிறகு அந்தத் துப்பாக்கி என்ன ஆயிற்று? இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் அவற்றை எப்படி அடையாளம் கண்டு விலை போடுகிறார்கள் என்று படிக்கப் போனபோதுதான் எனக்கு விடை கிடைத்தது.

அந்தத் துப்பாக்கியின் பெயர் 1853 மாதிரி என்ஃபீல்டு. குழல் விட்டம் 0.577 அங்குலம், குழல் நீளம் 39 அங்குலம். குழலையும் மரக்கட்டையையும் சேர்த்துப் பிடிக்க மூன்று இரும்புப் பட்டைகள். குழலுக்குள் மூன்று புரிகள் திருகுபோல் ஓடும். அந்தப் புரிதான் ரைஃபிளுக்கு உயிர். குண்டு சுழன்றபடி போவதால் குறி தவறாது. புரி இல்லாத பழைய மஸ்கட்டில் 100 கஜம் தாண்டினால் குறி நிச்சயமில்லை. என்ஃபீல்டின் பின் சைட்டிலோ 900 கஜம் வரை அளவு போட்டிருந்தது. 1857-ல் பெரும்பாலான சிப்பாய்களின் கையில் இருந்தது பழைய மஸ்கட்தான். என்ஃபீல்டு பயிற்சிக்காக அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு பழைய என்ஃபீல்டு உங்கள் முன்னால் இருக்கிறது, ஆனால் ஏதோ மாறியிருக்கிறது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மாற்றியது யார்? ராணுவமா, பிற்பாடு வாங்கிய தனி ஆளா? விலையில் பாதி தீர்ப்பு இந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

ராணுவமே செய்த மாற்றத்துக்கு நல்ல உதாரணம் ஸ்னைடர். முன்வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் காலம் முடிந்துகொண்டிருந்தது. லட்சக்கணக்கான என்ஃபீல்டுகளைத் தூக்கி எறிய பிரிட்டனுக்கு மனமில்லை. ஜேக்கப் ஸ்னைடர் என்ற அமெரிக்கரின் யோசனையை 1866-ல் ஏற்றுக்கொண்டார்கள். குழலின் பின்பகுதியை வெட்டிவிட்டு, வலது பக்கம் திறக்கும் கீல் வைத்த அடைப்பைப் பொருத்தினார்கள். நிமிடத்துக்கு மூன்று குண்டு சுட்ட துப்பாக்கி பத்துக் குண்டு வரை சுட்டது. யோசனை தந்த ஸ்னைடரோ, பணத்துக்காக அலைந்து அதே வருடம் கடனாளியாகவே இறந்துபோனார்.

ஸ்னைடரைக் கண்டுபிடிப்பது சுலபம். பூட்டுத் தகட்டில் கிரீடம், 'வி.ஆர்.' என்ற விக்டோரியா ராணியின் எழுத்து, ஒரு வருடம் ஆகியவை இருக்கும். அந்த வருடம் 1866-க்கு முந்தியது என்றால், அந்தப் பூட்டு முன்வாய்த் துப்பாக்கியில் இருந்து வந்தது. பழைய பூட்டில் புது அடைப்பு இருப்பது இங்கே குறையே இல்லை. அதுதான் அதன் சரியான நிலை. ஸ்னைடர் மூன்றாம் மார்க் மட்டும் புதிதாகவே எஃகுக் குழலோடு செய்யப்பட்டது.

தனி ஆள் செய்த மாற்றம் வேறு கதை. ராணுவத்திலிருந்து கழித்துவிட்ட துப்பாக்கிகளை மலிவாக வாங்கியவர்கள் வேட்டைக்கு வசதியாகக் குழலைக் குட்டையாக்கி, முன்கட்டையைச் சீவிவிட்டார்கள். இதைப் பிடிக்க, வாயிலிருந்து மெல்லிய மரக்குச்சியை உள்ளே விட்டு அளக்க வேண்டும். (பழைய துப்பாக்கிக்குள் இன்றும் மருந்து கெட்டித்தபடி இருக்கலாம். அளக்கும்போது வாய்க்கு நேராக நிற்காதீர்கள்!) இரண்டு பட்டை வைத்த 33 அங்குலக் குழல் ராணுவமே செய்த குட்டை ரகம். இந்த இரண்டு அளவிலும் சேராமல், பயனெட் மாட்டும் முன் சைட்டும் இடம் மாறியிருந்தால் சந்தேகப்படலாம். அப்படி வெட்டியது விலையில் வெகுவாக இறங்கிவிடும்.

போலிகளும் உண்டு. கைபர் கணவாய்ப் பக்கம் கைவேலையாகச் செய்த துப்பாக்கிகளில் ஆங்கில எழுத்து தலைகீழாகவோ திரும்பியோ இருக்கும். விக்டோரியா 1901-ல் இறந்துவிட்டார். அதற்கு வெகுகாலம் பிந்திய வருடத்தோடு 'வி.ஆர்.' இருந்தால் கதை முடிந்தது. தேவநாகரி எண்கள் இருந்தால் நேபாளம் ஞாபகத்துக்கு வரட்டும். 2003-ல் காத்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனைக் கிடங்கிலிருந்து ஆயிரக்கணக்கில் துப்பாக்கிகள் அமெரிக்கச் சந்தைக்குப் போயின. அவற்றில் பிரிட்டனில் செய்தவையும் உண்டு, நேபாளத்திலேயே செய்தவையும் உண்டு. எனவே எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

இரண்டு அம்புகள் முனையோடு முனை சந்திக்கும் முத்திரை இருந்தால், ராணுவம் முறைப்படி விற்றுவிட்டது என்று அர்த்தம். இவ்வளவும் பார்த்த பிறகுதான் துருவும் பளபளப்பும். பளபளவென்று தேய்த்து வைத்தால் விலை ஏறும் என்று நினைப்பது தப்பு. பழுப்பேறிய மேற்பரப்பும் தேயாத முத்திரைகளும்தான் சாட்சி, தேய்த்தால் சாட்சி போய்விடும். கடைசியாக, அதே மாதிரி, அதே மாற்றம், அதே நிலையில் உள்ளவை ஏலத்தில் என்ன விலைக்குப் போயின என்று ஒப்பிட வேண்டும்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கலகத்துக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858 மாதிரி என்று ஒன்று வந்தது. பார்வைக்கு அச்சு அசல் என்ஃபீல்டு. உள்ளே பார்த்தால் புரி இல்லை! 0.577 அங்குலக் குழலை 0.656 வரை கடைந்து, புரியை அடியோடு எடுத்துவிட்டார்கள். அளவு போட்ட பின் சைட்டும் போய், சாதாரண நிலைச் சைட் வந்தது. கடைந்ததில் குழல் மெலிந்துபோனது. அதனால் 1859-ல் தடித்த குழலோடு வேறு மாதிரி செய்ய வேண்டி வந்தது.

தொழிற்சாலையில் நன்றாகச் செய்த ஒன்றை வேண்டுமென்றே மட்டமாக்கியிருக்கிறார்கள். சிப்பாய் சுட வேண்டும், ஆனால் வெள்ளைக்காரச் சிப்பாய் அளவுக்குக் குறி பார்த்துச் சுடக் கூடாது. பிற்பாடும் இந்தியப் படைக்கு ஒரு தலைமுறை பழைய ஆயுதம் கொடுப்பதே வழக்கமாயிற்று. பிரிட்டிஷ் படை மார்ட்டினி-ஹென்றிக்கு மாறிய பிறகுதான் நம்மவர்களுக்கு ஸ்னைடர் வந்தது.

புரி தேய்ந்த துப்பாக்கி என்று நினைத்து ஒருவர் இதை மலிவாக ஒதுக்கிவிடலாம். புரி தேயவில்லை, பயத்தில் அகற்றப்பட்டது என்று தெரிந்தவருக்கு அது ஓர் ஆவணம். 1857-ஐப் பற்றி ஆள்பவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை எந்த அரசாணையையும் படிக்காமல் அந்தக் குழலுக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

அடுத்த முறை மியூசியத்துக்குப் போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் துப்பாக்கியின் பின் சைட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நிலைச் சைட்டாக இருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள் :-)