அந்தமான் தீவுகள் கற்பிக்கும் அறிவியலும் கணிதமும்: தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்குச் சுவையான தகவல்கள்

இந்தியாவில் செயல்பாட்டில் உள்ள ஒரே எரிமலை, நாட்டின் தென்கோடி முனை, சுண்ணாம்புக் குகைகள், சேற்று எரிமலைகள், கடலடி ஒளியிழை வடம் ஆகிய அனைத்தும் ஒரே ஒன்றியப் பிரதேசத்தில் அமைந்துள்ளன. வங்கக் கடலுக்கும் அந்தமான் கடலுக்கும் இடையே பரந்து கிடக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளே அது. பள்ளி அறிவியல், கணிதப் பாடநூல்களில் வரும் பல சூத்திரங்களுக்கு இத்தீவுகளில் நேரடிச் சான்று உண்டு.

சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் அது விரைவில் மறந்துபோகலாம். ஓர் இடத்தோடும் நிகழ்வோடும் கணக்கோடும் இணைத்துப் படித்தால் நினைவில் நிற்பது எளிது. பொதுத்தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் திருப்புதலின்போது பயன்படுத்தத்தக்க சில தகவல்களும் அவற்றின் பின்னுள்ள கணக்குகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

மாலை ஐந்து மணிக்கே இருள் ஏன்?

முன்பு போர்ட் பிளேர் என அழைக்கப்பட்ட தலைநகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. டிசம்பர் மாதத்தில் அங்கு மாலை ஐந்து மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. இதற்கான விடை ஒரு வகுத்தல் கணக்கில் உள்ளது.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. எனவே ஒரு மணி நேரத்திற்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்திய நேரம் 82 பாகை 30 கலை கிழக்குத் தீர்க்கக்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. ஸ்ரீ விஜயபுரம் ஏறத்தாழ 92 பாகை 44 கலையில் உள்ளது. வேறுபாடு 10 பாகை 14 கலை. இதை நான்கால் பெருக்கினால் சுமார் 41 நிமிடம் கிடைக்கிறது. அதாவது, சூரியனைக் கொண்டு பார்த்தால் தீவின் நேரம் கடிகாரத்தைவிட ஏறத்தாழ 41 நிமிடம் முந்திச் செல்கிறது. சென்னையின் தீர்க்கக்கோடு சுமார் 80 பாகை 16 கலை என்பதால், சென்னையைவிட அங்கு சூரியன் ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக உதிக்கிறது.

பெயரிலேயே அட்சக்கோடு

அந்தமான் தீவுகளையும் நிக்கோபார் தீவுகளையும் பிரிக்கும் கடற்பகுதிக்குப் பத்து டிகிரி கால்வாய் என்று பெயர். அது 10 பாகை வடக்கு அட்சக்கோட்டை ஒட்டி அமைந்திருப்பதே காரணம். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். அதை 360 ஆல் வகுத்தால், ஓர் அட்சப் பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். எனவே கால்வாயின் பெயரைக் கேட்டதும் அது நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 1,110 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று சொல்லிவிடலாம்.

கிரேட் நிக்கோபார் தீவில் உள்ள இந்திரா முனை, இந்தியாவின் தென்கோடி. அதன் அட்சக்கோடு 6 பாகை 45 கலை. அதே கணக்கின்படி நிலநடுக்கோட்டிலிருந்து அதன் தொலைவு சுமார் 750 கிலோமீட்டர்.

சராசரி மறைக்கும் உண்மை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. பரப்பளவு 8,249 சதுர கிலோமீட்டர். வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 46 பேர். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் அடர்த்தி 555. ஏறத்தாழ 12 மடங்கு.

ஆயினும் தீவுகளின் நிலப்பரப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேல் காடு. எஞ்சிய ஐந்தில் ஒரு பங்கு நிலத்தை மட்டும் கொண்டு கணக்கிட்டால் அடர்த்தி சுமார் 230 ஆக உயர்கிறது. எதை எதனால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சராசரியின் பொருள் மாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

கடலுக்குள் மறைந்த மலை

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் உள்ளது பாரன் தீவு. அதன் முதல் எரிமலை வெடிப்பு 1787 இல் பதிவானது. நீண்ட காலம் அடங்கியிருந்த எரிமலை 1991 இல் மீண்டும் சீறியது. இந்தியக் கண்டத்தட்டு கிழக்கே உள்ள தட்டின் அடியில் செருகுவதால் ஆழத்தில் பாறை உருகி மேலெழுவதே இதற்குக் காரணம்.

கடல்மட்டத்திற்கு மேல் இதன் உயரம் சுமார் 354 மீட்டர். ஆனால் மலையின் அடிவாரம் ஏறத்தாழ 2,250 மீட்டர் ஆழத்தில் உள்ளது. மொத்த உயரம் 2,604 மீட்டர் என்றால், கண்ணுக்குத் தெரிவது 13.6 விழுக்காடு மட்டுமே. பனிப்பாறையிலும் பெரும்பகுதி நீருக்குள்தான் இருக்கும். ஆனால் அதற்குக் காரணம் அடர்த்தி வேறுபாடும் மிதத்தல் விதியும். எரிமலை மிதப்பதில்லை, கடல்தரையில் நிற்கிறது. தோற்றம் ஒன்றுபோல் இருந்தாலும் காரணம் வேறு என்பதைத் தேர்வில் பிரித்தெழுத வேண்டும்.

வர்க்கமூலத்தில் அடங்கிய ஆழிப்பேரலை

2004 டிசம்பர் 26 காலை, இந்திய நேரப்படி 6.29 மணியளவில் சுமத்ரா அருகே 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. பிளவு அங்கிருந்து வடக்கே அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீண்டது. இந்திரா முனைப் பகுதி 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் சென்றது. வடக்கே இன்டர்வியூ தீவு போன்ற இடங்களில் தரை உயர்ந்து பவளப்பாறைகள் வெளியே தெரிந்தன.

நிலநடுக்க அளவுகோல் மடக்கை அடிப்படையிலானது. அளவு ஒன்று கூடினால் அதிர்வின் வீச்சு 10 மடங்கும் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கும் கூடும். இரண்டு கூடினால் ஆற்றல் 1,000 மடங்காகும். 7.1 அளவு நிலநடுக்கத்தோடு ஒப்பிட, 2004 இல் வெளிப்பட்ட ஆற்றல் ஆயிரம் மடங்கு.

ஆழிப்பேரலையின் வேகத்தை அறியப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கடலின் ஆழத்தால் பெருக்கி, வர்க்கமூலம் காண வேண்டும். ஆழம் 4,000 மீட்டர் எனில், 9.8 ஐ 4,000 ஆல் பெருக்க 39,200. அதன் வர்க்கமூலம் சுமார் 198. அதாவது வினாடிக்கு 198 மீட்டர். மணிக்குச் சுமார் 713 கிலோமீட்டர். இது பயணிகள் விமானத்தின் வேகத்தை நெருங்குகிறது. ஆழம் 10 மீட்டராகக் குறையும்போது வேகம் மணிக்கு 36 கிலோமீட்டராகிவிடும். முன்னால் செல்லும் நீர் வேகம் குறைய, பின்னால் வரும் நீர் நெருங்கிக் குவிவதால் கரையருகே அலை உயர்கிறது.

இக்கணக்கு உயிர்காக்கும் கணக்கும் ஆகும். நிலநடுக்க அலைகள் பாறைக்குள் வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. ஆழிப்பேரலையோ வினாடிக்கு 0.2 கிலோமீட்டர்தான் செல்கிறது. அன்று சென்னையை அலை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. ஆனால் எச்சரிக்க அப்போது அமைப்பு இல்லை. இந்த நேர இடைவெளியைப் பயன்படுத்தும் எச்சரிக்கை மையம் 2007 இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்டது.

அந்தமான் கடலின் மறுகரையில், தாய்லாந்தின் புக்கெட் தீவில் அன்று விடுமுறைக்கு வந்திருந்த 10 வயது பிரிட்டன் சிறுமி டில்லி ஸ்மித், கடல் நீர் நுரைத்துப் பொங்கியதைக் கண்டு ஆபத்தை உணர்ந்தார். இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் அவர் அப்பாடத்தைப் படித்திருந்தார். அவரது எச்சரிக்கையால் கடற்கரையிலிருந்த சுமார் நூறு பேர் தப்பினர். லிட்டில் அந்தமானில் ஓங்கி பழங்குடியினர், கடல் பின்வாங்கியதைக் கண்டு மேட்டுநிலத்திற்குச் சென்று உயிர் பிழைத்தனர். எல்லா ஆழிப்பேரலையும் கடல் பின்வாங்கிய பிறகே வரும் என்பதில்லை. எனவே கடலோரத்தில் நீண்ட நேரம் வலுவாகத் தரை அதிர்ந்தாலே மேட்டுக்குச் செல்ல வேண்டும்.

சோதனைக் குழாயிலிருந்து குகை வரை

தெளிந்த சுண்ணாம்பு நீரில் கரியமில வாயுவைச் செலுத்தினால் பால்போல் கலங்கும். தொடர்ந்து செலுத்தினால் மீண்டும் தெளியும். கலங்கலுக்குக் காரணம் நீரில் கரையாத கால்சியம் கார்பனேட். தெளிவதற்குக் காரணம் அது கரையும் கால்சியம் பைகார்பனேட்டாக மாறுவது.

பாரதாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளில் இயற்கை இதே வினையை நிகழ்த்துகிறது. கரியமில வாயு கலந்த மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் குகையாக்குகிறது. அந்த நீர் கூரையிலிருந்து சொட்டும்போது வாயு வெளியேற, வினை திரும்பி கால்சியம் கார்பனேட் மீண்டும் படிகிறது. ஆலம் விழுதுபோல் தொங்கும் பாறைகள் இவ்வாறு உருவாகின்றன. மீள் வினைக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அதே தீவில் சேற்று எரிமலைகளும் உள்ளன. இவற்றில் எரிகுழம்பு இல்லை. நிலத்தடியில் உருவாகும் மீத்தேன் போன்ற வாயுக்களின் அழுத்தம் சேற்றை மேலே தள்ளுகிறது.

வடத்தில் ஓடும் ஒளி

சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. முழு அக எதிரொளிப்பு என்னும் பாடமே இதன் அடிப்படை. கண்ணாடி இழைக்குள் நுழையும் ஒளி, மாறுநிலைக் கோணத்தைவிடப் பெரிய கோணத்தில் சுவரில் படுவதால் வெளியேறாமல் உள்ளேயே எதிரொளித்துச் செல்கிறது.

கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5 என்பதால், அதற்குள் ஒளியின் வேகம் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். வடத்தின் முழு நீளத்தையும் கடக்க 0.0115 வினாடி போதும். முன்பு தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளை நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோளின் உயரம் 35,786 கிலோமீட்டர். சமிக்ஞை மேலே சென்று கீழே வர சுமார் 0.24 வினாடி ஆகும். வெற்றிடத்தில் வேகம் அதிகம் என்றாலும், தொலைவு அதைவிட மிக அதிகம் என்பதால் காலம் 20 மடங்காகிறது.

உயிரியலுக்குத் தீவுகள் தரும் சான்றுகள்

* எதிரொலி: தீவுக் குகைகளில் உமிழ்நீரால் கூடு கட்டும் உழவாரக் குருவிகள், இருளில் ஒலி எழுப்பி அதன் எதிரொலியால் வழி அறிகின்றன. ஒலி வினாடிக்கு 340 மீட்டர் செல்கிறது எனில், 0.02 வினாடியில் எதிரொலி வந்தால் சுவரின் தொலைவு 3.4 மீட்டர். ஒலி சென்று திரும்புவதால் இரண்டால் வகுக்க மறக்கக்கூடாது.

* சராசரி வேகம்: லிட்டில் அந்தமானில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஏழுவரி ஆமை ஒன்று, 266 நாட்களில் சுமார் 13,000 கிலோமீட்டர் நீந்தி ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் கடற்பகுதியை அடைந்தது. நாளொன்றுக்கு 49 கிலோமீட்டர். மணிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். நீந்திய பாதை தொலைவு. தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடையிலான நேர்கோடு இடப்பெயர்ச்சி.

* பால் நிர்ணயம்: மனிதரில் குரோமோசோம் நிர்ணயிப்பதைக் கடலாமையில் மணலின் வெப்பம் நிர்ணயிக்கிறது. சுமார் 29 டிகிரி செல்சியசுக்கு மேல் பெண் குஞ்சுகளும், கீழே ஆண் குஞ்சுகளும் மிகுதி.

* தகவமைப்பு: அலையாத்தி மரங்களின் சுவாச வேர்கள் சேற்றுக்கு மேல் நீண்டு காற்றைப் பெறுகின்றன. சில இனங்களில் விதை தாய்மரத்திலேயே முளைத்துவிடும்.

* பரிணாமம்: அழிந்துபோன டோடோ பறவைக்கு இன்று வாழும் மிக நெருங்கிய உறவு நிக்கோபார் புறா என்று மரபணு ஆய்வு காட்டியுள்ளது.

* கணுக்காலிகள்: நிலத்தில் வாழும் கணுக்காலிகளில் மிகப் பெரியது தென்னை நண்டு. முதிர்ந்த நண்டு நீரில் மூழ்கினால் இறந்துவிடும். ஆயினும் அதன் முட்டைகள் கடலில்தான் பொரிகின்றன.

பயன்படுத்தும் முறை

படித்த பக்கத்தையே மீண்டும் படிப்பதைவிட, நூலை மூடிவைத்து விடையை நினைவுகூர்ந்து எழுதுவது கூடுதல் பயன் தரும். ஒரு தகவலைப் படித்ததும் அதன் எண்களை மாற்றிப் புதிய கணக்கு அமைத்துக்கொள்ளலாம். சில நாட்கள் இடைவெளி விட்டு அதையே மீண்டும் செய்து பார்ப்பது நல்லது. தொடக்கமாக நான்கு கேள்விகள்:

1. சென்னையில் காலை 6.30 மணிக்குச் சூரியன் உதிக்கும் நாளில், ஸ்ரீ விஜயபுரத்தில் ஏறத்தாழ எப்போது உதிக்கும்?
2. கடலின் ஆழம் 1,000 மீட்டர் எனில் ஆழிப்பேரலையின் வேகம் என்ன?
3. எதிரொலி 0.05 வினாடியில் திரும்பினால் குகைச் சுவர் எவ்வளவு தொலைவில் உள்ளது?
4. அளவு 8 நிலநடுக்கம், அளவு 6 நிலநடுக்கத்தைவிட எத்தனை மடங்கு ஆற்றலை வெளியிடும்?

விடைகள்: 1) காலை 5.40 மணியளவில். 2) வினாடிக்குச் சுமார் 99 மீட்டர், அதாவது மணிக்கு 356 கிலோமீட்டர். 3) 8.5 மீட்டர். 4) 1,000 மடங்கு.