கர்ப்பத்தடையும் கொஞ்சம் வரலாறும்

திருவாதவூர்னு சொன்னா பலருக்கும் ஞாபகம் வருவது மாணிக்கவாசகர். மேலூர் பக்கத்தில் இருக்கிற ஊர், அவர் பிறந்த ஊர், அவ்வளவுதான். திருவாசகம்னா சிவபுராணத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். கொஞ்சம் தள்ளிப் போனால் போற்றித் திருவகவல் வரும். அதில் ஒரு உயிர் தாயின் வயிற்றில் முதல் மாதம் தொடங்கி என்னென்ன ஆபத்துகளிலிருந்து பிழைத்து வெளியே வருகிறது என்று மாதவாரியாக ஒரு பட்டியல் இருக்கிறது. பத்தாம் மாதம் வந்த பிறகுதான், தாயும் அதோடு சேர்ந்து துக்கப்படுகிறாள் என்ற பேச்சே வருகிறது.

மாணிக்கவாசகரிடம் குறை கண்டுபிடிக்க இதைச் சொல்லலை (ஊருக்குள்ள நடமாட வேண்டாமா!). அது பிறவிப் பிணி பற்றிய பாட்டு, அவர் கவலை வேறு. ஆனால் கர்ப்பத்தடை பற்றி நம்ம ஊரில் நூறு வருஷத்துக்கு மேல் நடந்த சண்டைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பட்டியல்தான் ஞாபகத்துக்கு வருது. தேசம் வரும், தர்மம் வரும், மக்கள்தொகை வரும், பட்ஜெட் வரும். பெத்துக்கிறவ கடைசியில்தான் வருவாள்.

கதை லண்டனில் ஆரம்பிக்கிறது, ஆனால் கதாநாயகியை நமக்கு நல்லாத் தெரியும். 1877-ல் சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்டும் சேர்ந்து கருத்தடை முறைகளை விளக்கும் ஒரு பழைய அமெரிக்கப் புத்தகத்தை மறுபதிப்பு போட்டார்கள். ஆபாசம் என்று வழக்கு. ஆறு மாதம் சிறை, அபராதம் என்று தீர்ப்பு வந்து, மேல்முறையீட்டில் ஒரு சட்ட நுணுக்கத்தில் தப்பித்தார்கள். ஆனால் பெசன்ட் வேறொன்றை இழந்தார். இப்படிப்பட்ட புத்தகம் போட்ட பெண் குழந்தை வளர்க்கத் தகுதியில்லாதவள் என்று, 1878-ல் மகளைப் பாதிரியாரான கணவரிடம் ஒப்படைத்துவிட்டது நீதிமன்றம். அந்தம்மா அதோடு ஓயவில்லை, மக்கள்தொகை பற்றித் தானே ஒரு புத்தகம் எழுதினார், அதுவும் லட்சக்கணக்கில் விற்றது. அப்புறம் பிரம்மஞான சபையில் சேர்ந்து, 1891-ல் அந்தப் புத்தகத்தைத் தானே விலக்கிக்கொண்டார். நம்ம அடையாறுக்கு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு வந்த பெசன்ட்!

அதற்கு முன்பே சென்னையில் நாத்திகர்கள் சிலர் லௌகிக சங்கம் என்று ஒன்றை நடத்தி, 1882-லிருந்து 'தத்துவ விவேசினி' என்ற பத்திரிகையும் கொண்டுவந்தார்கள். பிராட்லா கோஷ்டியோடு தொடர்பில் இருந்தவர்கள். மால்தூஸ் சரக்கு அப்பவே தமிழ்நாட்டுக்கு வந்தாச்சு. ஆனால் பெரிசா எடுபடலை.

அடுத்த ரவுண்டு 1928-ல். சென்னை நியோ-மால்தூசியன் லீக். வேப்பா ராமேசம் மாதிரி ஹைகோர்ட் நீதிபதி, வக்கீல்கள் என்று எல்லாம் பெரிய மனுஷங்க, எல்லாம் ஆண்கள். ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகை வேறு. ஏழைகள் நிறையப் பெற்றால் நாடு தாங்காது என்பதுதான் அடிப்படைக் கவலை. அந்தக் காலத்தில் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த, 'தரமான' ஆட்கள் பெருகணும் மற்றவர்கள் குறையணும் என்கிற இன மேம்பாட்டுப் பேச்சும் கூடவே இருந்தது. படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கும். பிள்ளை பெறாத வர்க்கம் ஒன்று கிடையாது. ஆனால் யார் குறைச்சுக்கணும் என்று தீர்மானிக்க மட்டும் ஒரு வர்க்கம் இருந்தது.

அதே வருஷங்களில் ஈரோட்டிலிருந்து வேறு ஒரு குரல். பெரியாரைப் பிடிக்குதோ இல்லையோ, குடி அரசில் வந்த அவருடைய கர்ப்பத்தடைக் கட்டுரையை ஒருமுறை படிச்சுப் பாருங்க. 'பெண் ஏன் அடிமையானாள்?' புத்தகத்தில் இருக்கிறது. தாயின் உடம்பு கெடுகிறது, நாட்டில் வறுமை, சொத்து துண்டு துண்டாகிறது என்று மற்றவர்கள் சொல்கிற காரணங்களை எல்லாம் வரிசையாக எடுத்து ஓரமாக வைக்கிறார். நாங்கள் கேட்பது அதற்காக இல்லை, பெண் சுதந்திரமாக இருப்பதற்காக என்கிறார். அந்தக் காலத்தில் உலக அளவிலேயே இப்படி நேராகச் சொன்னவர்கள் குறைவு. அவர் இன்னும் ஒரு படி மேலே போய், பெண்கள் பிள்ளை பெறுவதையே நிறுத்திவிட்டாலும் பரவாயில்லை, உலகம் பெருகாவிட்டால் பெண்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுவிடுவார். அவர் ஸ்டைல் அது.

எனக்கு இதில் ஒரே ஒரு வருத்தம் உண்டு. உடம்பை ஓரமாக வைத்துவிட்டுச் சுதந்திரத்தைப் பேசினார். அன்றைக்கு இருந்தவை உறை, மூடி மாதிரியான சாதனங்கள், அதனால் அந்த வாதம் நின்றது. ஹார்மோன் வந்த பிறகு அது அவ்வளவு சுலபமாக இல்லை. அந்தக் கதை கீழே வருது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கம் காந்தி. 1935 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கே போய் அவரைப் பார்த்தார். காந்தி அசையவில்லை. சாதனங்கள் வேண்டாம், சுயக்கட்டுப்பாடுதான் வழி, மனைவிகள் கணவனிடம் முடியாது என்று சொல்லப் பழகட்டும் என்றார். பெண்ணுக்கும் ஆசை உண்டே என்பது சாங்கர் வைத்த வாதம். ரெண்டு பேரும் பெண்ணுக்காகத்தான் பேசினார்கள், ஆனால் ஒத்துப்போகவே இல்லை. சாங்கர் அங்கிருந்து திருவனந்தபுரத்தில் நடந்த அகில இந்திய மாதர் மாநாட்டுக்குப் போனார். அங்கே எதிர்ப்பையும் மீறி கர்ப்பத்தடைக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேறியது.

மேடையில் இப்படி என்றால் வீட்டில் என்ன நடந்தது? அந்தக் காலப் பத்திரிகைகளைப் புரட்டினால் விளம்பரப் பக்கங்களில் பதில் இருக்கும். கேசரி குடீரத்தின் 'லோத்ரா' என்கிற கர்ப்பப்பை டானிக் அன்றைக்குப் பெரிய பிராண்டு. அதன் முதலாளி கே.என். கேசரிதான் 'கிருகலக்ஷ்மி' என்ற தெலுங்குப் பெண்கள் பத்திரிகையையும் தொடங்கியவர். மாதவிடாய்க் கோளாறு, வெள்ளைப்படுதல், இடுப்புவலி எல்லாம் ஒரே பாட்டில். தலைவர்கள் தேசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பெண்கள் தங்கள் உடம்பு பற்றிக் கேட்க நினைத்த கேள்விக்கு டானிக் கம்பெனிதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பெரிய மனுஷியான பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த பாட்டிகள் தவிர இதைப் பற்றிப் பேசியவர்கள் வேறு யாரும் இல்லை.

இப்ப நம்ம மதுரை ஜில்லாவுக்கு வருவோம். டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்காரின் மகள் டாக்டர் சௌந்தரம், காந்தியின் சீடர். 1947-ல் கணவர் ராமச்சந்திரனோடு சேர்ந்து காந்திகிராமம் தொடங்கினார். இன்று அது திண்டுக்கல் மாவட்டம். 1985 வரை அதுவும் மதுரை மாவட்டம்தான். இந்தக் காந்திகிராமம்தான் 1959-ல் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு கிராம சுகாதாரச் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அதிலிருந்து 1964-ல் ஒரு ஊரக சுகாதார, குடும்பநல நிறுவனமே உருவாகி, தமிழ்நாட்டு செவிலியர்களுக்கெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுப் பயிற்சி கொடுத்தது. காந்தி வேண்டாம்னு சொன்ன அதே விஷயம், காந்தி பேரில் இருக்கிற ஊரில்! சௌந்தரம் டாக்டராக இருந்ததுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். பத்தாவது பிரசவத்துக்கு வந்து படுத்திருக்கிறவளிடம் போய் சுயக்கட்டுப்பாடு என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

அதே சமயம் சென்னை அரசாங்கம் வேறொரு வழியில் போனது. தலைமைச் செயலாளர் ஆர்.ஏ. கோபாலசாமி, 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவர், எண்களின் ஆள். 1950களின் இறுதியில் ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆள் கூட்டிவரும் புரோக்கருக்கும் காசு. இந்தியாவில் காசு கொடுத்துக் கு.க. ஆபரேஷன் என்ற யோசனைக்கு முன்னோடி நாமதான். ஒரு விஷயம் கவனிங்க, அப்போது பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் ஆபரேஷன்.

1965-ல் லூப் வந்தது. ஆரம்பத்தில் ஓஹோன்னு போய், ரெண்டு வருஷத்தில் படுத்துவிட்டது. போட்டுக்கொண்ட பெண்களுக்கு உதிரப்போக்கும் வலியும். ஏற்கெனவே ரத்தசோகையில் இருக்கிற பெண்ணுக்கு அதிக உதிரப்போக்கு என்றால் சின்ன விஷயமா? அவர்கள் சொன்னதில் பாதியை வதந்திக் கணக்கில் எழுதினார்கள். போட்டுவிட்ட பிறகு திரும்பிப் பார்க்க ஆள் இல்லை.

சரி, மாத்திரை. எனோவிட் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 1957-ல் முதலில் அனுமதி கிடைத்தது மாதவிடாய்க் கோளாறுக்குத்தான். சாப்பிட்டால் கரு முட்டை வெளிவராது என்ற எச்சரிக்கை கூடவே வந்தது. உடனே ஏகப்பட்ட அமெரிக்கப் பெண்களுக்கு மாதவிடாய்க் கோளாறு வந்துவிட்டது :-) 1960-ல்தான் கருத்தடை மாத்திரை என்றே அனுமதி. அதற்கு முன் சோதனை நடந்தது 1956-ல் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம். அங்கே பொறுப்பில் இருந்த எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண் டாக்டர், 17 சதவீதம் பேருக்குத் தலைசுற்றல், வாந்தி, தலைவலி, இவ்வளவு பக்கவிளைவு இருந்தால் ஏற்றுக்கொள்ள முடியாது என்று எழுதினார். மேலே இருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்க தொழில் பாஷையில் சொன்னால், டெஸ்டிங்கில் வந்த பக் ரிப்போர்ட்டை மூடிட்டு ரிலீஸ் பண்ணின மாதிரி. அன்றைய மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் 0.15 மில்லிகிராம். நம்ம மாலா-டியில் இருப்பது 0.03, ஐந்தில் ஒரு பங்கு. ரத்தக்குழாயில் கட்டி உறைகிற ஆபத்து தெரிந்த பிறகுதான் அளவு இறங்கியது.

1970-ல் அமெரிக்க செனட் இதை விசாரித்தபோது மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூட சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து பெண்கள் எழுந்து சத்தம் போட்டுக் கேட்டார்கள். அந்த ரகளையின் பலன், மாத்திரை அட்டையோடு வருகிற அந்தச் சின்னத் துண்டுச்சீட்டு. நாம பிரிச்சதும் தூக்கிப் போடுறோமே, அதேதான்.

நம்ம நாட்டில் ரகளை வேறு மாதிரி. எமர்ஜென்சியில், 1976-77 ஒரே வருஷத்தில் 80 லட்சத்துக்கு மேல் ஆபரேஷன், அதில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்கள். இந்திரா தோற்றார். அப்புறம் எந்த அரசாங்கமும் ஆண்கள் பக்கம் போகத் துணியலை. பாரம் முழுக்கப் பெண்கள் பக்கம் வந்தது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண் ஆபரேஷன் ஒரு சதவீதம்கூட இல்லை. ஓட்டு போடும் ஆணின் கோபத்துக்கு இருக்கிற மரியாதை ஓட்டு போடும் பெண்ணின் இடுப்புவலிக்கு இல்லை.

1985-ல் ஹைதராபாத் பக்கம் படான்செருவில் நெட்-என் என்ற ஹார்மோன் ஊசியைப் போட்டுச் சோதிக்க ஒரு முகாம். வந்திருந்த கிராமத்துப் பெண்களுக்கு இது சோதனை என்பதே தெரியாது. ஸ்திரீ சக்தி சங்கடனா பெண்கள் நேரில் போய் விஷயத்தைச் சொன்னதும் பலர் ஊசி வேண்டாம் என்று திரும்பிவிட்டார்கள். 1986-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு போட்டார்கள். 'விஷ ஊசி' என்று சில இயக்கங்கள் மிகைப்படுத்தினதும் உண்டு. ஆனால் அவர்கள் கேட்ட அடிப்படைக் கேள்வி, சொல்லிட்டுப் போட்டீங்களா என்பதுதான். 2017-ல் டெப்போ என்கிற இன்னொரு ஹார்மோன் ஊசி 'அந்தரா' என்ற பெயரில் அரசுத் திட்டத்துக்குள் வந்தது. மூணு மாசத்துக்கு ஒருமுறை போடணும். வீட்டில் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்ளலாம் என்பது பல பெண்களுக்குப் பெரிய வசதி. ஒழுங்கில்லாத உதிரப்போக்கு, எலும்பு அடர்த்தி குறைவது என்று அதற்கும் ஒரு விலை உண்டு. ரெண்டையும் உட்கார வைத்துச் சொல்ல நர்சுக்கு நேரம் இருக்கணும்.

இன்னைக்கு வீட்டுக்குள்ள இந்த விவாதம் நுழைவது பி.சி.ஓ.டி. வழியாக. உலகத்தில் பத்துப் பெண்களில் ஒருவர் அளவுக்கு இந்த நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறது. மாதவிடாய் ஒழுங்குபட டாக்டர் பெரும்பாலும் எழுதித் தருவது கருத்தடை மாத்திரை. எங்க சொந்தத்தில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்ததும், மருந்துக்கடையில் அட்டையைப் பார்த்த அவள் அப்பா வாங்காமலே வந்துவிட்டார். கல்யாணமாகாத பொண்ணுக்கு இதையா என்று. 1957-ல் அது மாதவிடாய்க்கான மருந்தாகத்தான் பிறந்தது என்று அவருக்கு யார் சொல்வது? இன்னொரு பக்கம், அஞ்சு நிமிஷ கன்சல்டேஷனில் எழுதித் தரும் டாக்டரும் அது என்ன, எவ்வளவு நாள், ஒற்றைத் தலைவலி இருக்கா என்று எதுவும் கேட்பதில்லை.

படான்செருவில் போட்ட அந்த நெட்-என் ஊசிக்கு இன்னொரு அத்தியாயமும் இருக்கிறது. அதையே டெஸ்டோஸ்டெரோனோடு சேர்த்து, ஆண்களுக்கான கருத்தடை ஊசியாக உலக சுகாதார நிறுவனம் 320 ஆண்களிடம் சோதித்தது. நல்லாவே வேலை செய்தது. ஆனால் மனச்சோர்வு, எரிச்சல், பரு என்று பக்கவிளைவுகள் வர, பாதுகாப்புக் குழு 2011-ல் சோதனையை நிறுத்திவிட்டது. முடிவுகள் 2016-ல் வெளியாயின. நிறுத்தினது சரியா தப்பா என்று டாக்டர்களே அடித்துக்கொண்டார்கள். ஆனா அந்த ஆண்களைக் கேட்டபோது, முக்கால்வாசிப் பேருக்கு மேல் இந்த ஊசி கிடைத்தால் தொடர்ந்து போட்டுக்கொள்ளத் தயார்னு சொல்லியிருக்காங்க.