ஹால்ஸ்டட் தெருவில் கதவைத் தட்டியவர்கள்

எந்தக் கல்லூரியின் சமூகப்பணித் துறைக்குப் போனாலும் முதுகலை ஆய்வேடுகளுக்கென்று ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். தலைப்புகள் சுற்றிச் சுற்றி மூன்று நான்குதான். பிள்ளைகள் மீது தொலைக்காட்சியின், இப்போது கைப்பேசியின், தாக்கம். படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரின் சுமை. குற்றம் செய்து திரும்பியவரின் மறுவாழ்வு. ஒவ்வொன்றுக்கும் தனி மாணவர், தனி வழிகாட்டி, தனி வினாப்பட்டியல். பாடம் நடத்திய காலமெல்லாம் நான் மாணவர்களிடம் சொல்லிவந்தது ஒன்றுதான்: இந்த மூன்றும் ஒரே வீட்டில் பிறந்தவை. சிகாகோவில் ஹால்ஸ்டட் தெருவில் அந்த வீடு இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது.

1889-ல் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் அங்கே குடிவந்து, அதை ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லமாக நடத்தினார்கள். இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. அங்கே தங்கியிருந்தவர்கள் வீடு வீடாகப் போய், யார் எந்த நாட்டவர், வாரக்கூலி எவ்வளவு என்று கேட்டு வண்ணம் தீட்டிய வரைபடங்களாக்கி 1895-ல் புத்தகமாகவே வெளியிட்டார்கள். நம் மாணவர்கள் களப்பணி என்று சொல்வதன் முன்னோடி அதுதான்.

1899-ல் அந்த ஊரில் அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் வந்தது. நன்னடத்தை அலுவலர்களை நியமிக்கச் சட்டம் இடம் கொடுத்தது, சம்பளம் கொடுக்கவில்லை. பெண்கள் சங்கங்கள் பணம் திரட்டிக் கொடுத்தன. முதல் அலுவலரான அல்சைனா ஸ்டீவன்ஸ் ஹல் ஹவுஸ்காரர். சிறுமியாக இருந்தபோது பஞ்சாலையில் விரல் இழந்தவர். பிடிபட்ட பையன் எந்த வீட்டிலிருந்து வருகிறான் என்று போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பதை அந்தப் பெண்கள் சட்டத்துக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தார்கள்.

சினிமா அதற்குள் வந்துவிட்டது. ஐந்து சென்ட் கொட்டகைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. ஆடம்ஸ் 1909-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று வயதில் மூன்று பையன்கள். குதிரை வண்டியை மறித்துக் கொள்ளையடிக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு, விடிகாலை நான்கு மணிக்குப் பால் ஊற்றக் கிளம்பும் ஒருவரைக் கொன்று பணத்தைப் பறிக்க வாரக்கணக்கில் திட்டமிட்டார்கள். காசு சேர்த்துத் துப்பாக்கி வாங்கினார்கள். முகத்தில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு சுருக்குக் கயிற்றை வீசியபோது குதிரை மிரண்டது; குண்டும் குறி தவறியது. பால்காரர் பிழைத்தார். இதைச் சொன்ன அதே ஆடம்ஸ்தான் 1907-ல் ஹல் ஹவுஸிலேயே ஒரு ஐந்து சென்ட் கொட்டகை நடத்திப் பார்த்தவர். நாள் முழுக்கத் தொழிற்சாலையில் நின்ற பிள்ளைகளுக்குக் கனவு காண வேறு இடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஊடகத்தைப் பற்றி ஆய்வு செய்ய வரும் ஒவ்வொரு மாணவரையும் முதலில் அந்தப் புத்தகத்தைத்தான் படிக்கச் சொல்வேன்.

என் மனதுக்கு நெருக்கமானது ஹல் ஹவுஸில் தங்கியிருந்த சோஃபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜும் எடித் ஆபட்டும் 1912-ல் வெளியிட்ட ஆய்வு. நீதிமன்றத்தின் முதல் பத்தாண்டுப் பதிவேடுகளைப் புரட்டியவர்களும், அந்தக் குடும்பங்களைத் தேடிப் போனவர்களும் பெரும்பாலும் சிகாகோ சமூகப்பணிப் பள்ளியின் மாணவர்கள். புத்தகத்தின் அத்தியாயங்கள் வறுமை, நெரிசலான வீடு, தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, விளையாட இடமில்லாத பிள்ளை என்று போகின்றன. குற்றங்களின் பெயரால் ஓர் அத்தியாயமாவது அமைந்திருக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு அந்த உள்ளடக்கப் பக்கமே பதில். ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் திருட்டுக்காக வந்தார்கள், கண்காணிப்பில் வீட்டுக்கே திரும்பினார்கள். பெண் பிள்ளைகள் ‘ஒழுக்கக்கேடு’ என்று கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் நிறையப் பேரை விடுதிகளில் அடைத்தார்கள். அந்த அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

அம்மா கூலி வேலைக்குப் போய்விட்டால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? இந்தக் கேள்வி அந்த நீதிமன்றத்தையே மாற்றியது. ஏழை என்ற ஒரே காரணத்துக்காகத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க வேண்டியதில்லை என்று 1911-ல் இல்லினாய் மாநிலம் சட்டம் இயற்றியது. விடுதிக்குக் கொடுக்கும் பணத்தைத் தாயிடமே கொடுக்கலாம் என்றது. இரண்டே ஆண்டில் அதைச் சுருக்கினார்கள்: கணவன் இறந்திருக்க வேண்டும் அல்லது நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும், தாய் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மாதம் என்ன உணவு, எவ்வளவு வாடகை என்று கணக்குப் போட உணவியல் தெரிந்த ஒருவரையே நீதிமன்றம் வைத்திருந்தது. 1921-ல் ஆபட்டும் பிரெக்கின்ரிட்ஜும் இந்த உதவித்தொகை நடைமுறையையும் ஆராய்ந்து எழுதினார்கள். சட்டம் வந்துவிட்டது என்று ஆய்வை மூடிவைக்காத பிடிவாதம் அவர்களுடையது.

1930-களில் சினிமா ஆய்வு பெரிதாக வளர்ந்தது. பேய்ன் நிதியத்தின் பணத்தில் சமூகவியலாளர் ஹெர்பர்ட் புளூமர் கல்லூரி மாணவர்களையே தங்கள் சினிமா அனுபவத்தைத் தன்வரலாறாக எழுத வைத்தார். அவரும் பிலிப் ஹாசரும் 1933-ல் எழுதிய புத்தகம், தாங்கள் ஆராய்ந்த குற்றவாளிகளில் ஆண்களில் 10 சதவீதம், பெண்களில் 25 சதவீதம் பேர் விஷயத்தில்தான் படங்களுக்கு முக்கியமான பங்கு இருந்ததாகச் சொன்னது. குடும்பமும் தெருவும் கைவிட்ட இடத்தில்தான் சினிமாவின் பிடி இறுகுகிறது என்பதும் அதில் உண்டு. பொதுமக்களுக்காக அதே ஆண்டு வந்த சுருக்கப் புத்தகமோ சினிமாதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று முழங்கியது. மக்கள் அதையே நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

இந்த மரபு நமக்கு வந்த வழி நேரானது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கிளிஃபோர்ட் மான்ஷார்ட் பம்பாய் நாக்பாடாவில் சமூக இல்லம் நடத்தினார். 1936-ல் அங்கேதான் டாட்டா சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. அவருக்குப் பின் அதை நடத்தியவர் ஜே.எம். குமரப்பா, காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் அண்ணன். 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் சென்னைக்கும் ஒரு சமூகப்பணிப் பள்ளி கிடைத்தது. நூலும் முறையும் வந்து சேர்ந்தன. வழியில் எங்கேயோ அந்த ஒரே வீடு மூன்று தலைப்புகளாகப் பிரிந்துவிட்டது.

அப்படிப் பிரிந்ததால் என்ன போகிறது என்பதைச் சிறார் கூர்நோக்கு இல்லம் ஒன்றில், பெற்றோர் பார்க்க வரும் நாளில் கண்டேன். என் மாணவி ஒருத்தி கைப்பேசிப் பழக்கம் பற்றிய வினாப்பட்டியலோடு ஒரு தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ‘அடிக்கடி, எப்போதாவது, ஒருபோதும் இல்லை’ என்று படிக்கப் படிக்க, அந்த அம்மா எல்லாவற்றுக்கும் “ஆமாங்க” என்றார். தாளை மடித்துப் பைக்குள் வைத்த பிறகுதான் பேச்சு வந்தது. “ரெண்டு வருசமா மாமியார் படுத்த படுக்கைங்க. ராத்திரி அவங்களைப் பொரட்டிப் போடணும், துணி மாத்தணும். பையன் எங்க போறான், யாரு போனைப் பாக்குறான்னு நான் எங்கம்மா பாக்குறது?”

ஊடகம், பராமரிப்பு, மறுவாழ்வு மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. மாணவியின் அட்டவணையில் அந்த மாமியாருக்குக் கட்டமே கிடையாது. அந்த அம்மாவின் சம்மதத்தோடு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தனி அத்தியாயமாக எழுதச் சொன்னேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் இது எந்த மாறியின் கீழ் வருகிறது என்று கேட்டார். “வீடு சார்” என்றாள் அவள். அதற்கு முந்தைய வாரமே அந்த அம்மாவை நன்னடத்தை அலுவலரிடம் அழைத்துப் போய், பையனைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கையில் வீட்டு நிலைமையைச் சேர்க்கச் சொல்லியிருந்தாள். மாமியாருக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மனு எழுதிக் கொடுத்திருந்தாள்.