ஒயின் சுவைப்பு

ஒயினைச் சிறிதளவு ஊற்றி நிறம், மணம், சுவை பார்த்து ஒப்பிடும் நிகழ்வு. ஒயின் தயாரிப்பாளரே உடனிருந்து, ஒவ்வொரு உணவுக்கும் ஏற்ற ஒயினை விளக்கிப் பரிமாறுவது தயாரிப்பாளர் விருந்து.

நெல்லைப் பகுதியின் தாமிரபரணிப் படுகையில் முக்கியமாக விளைவது நெல்லும் வாழையும்தான். ஒயினுக்கான திராட்சைத் தோட்டம் கிடையாது. ஆனாலும் பாண்டிய நாட்டுக்கு ஒயின் புதிதல்ல. யவனர் (கிரேக்க, ரோமானியர்) கொண்டுவந்த மதுவை மகளிர் பொற்கலத்தில் ஊற்றித்தர அருந்துமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறது நக்கீரர் பாடிய புறநானூற்றின் 56ஆம் பாட்டு. ஒயின் வந்த மதுச்சாடிகளின் ஓடுகள் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. தமிழகத்தில் திராட்சைக்குப் பெயர்பெற்ற கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அது பெரும்பாலும் உண்ணும் பழமாகவே விற்கிறது.

இந்தியாவில் ஒயின் சுவைப்புக்குப் பெயர்பெற்ற இடம் நாசிக். அங்கே சுலா ஒயின் நிறுவனம் 2005இல் சுவைப்பறை திறந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை திராட்சை அறுவடைக் காலம். போய்வர அதுவே ஏற்றது.

சுவைக்கும்போது ஒயின் கோப்பையின் தண்டைப் பிடித்து, வெள்ளைத் துணிக்கு எதிரே சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். பிறகு மெல்லச் சுழற்றி முகர்ந்து, ஒரு மிடறை நாக்கு முழுவதும் பரவவிட வேண்டும். முதலில் வெள்ளை, பின் சிவப்பு, கடைசியில் இனிப்பு. நெல்லைச் சமையலின் காரத்தோடு துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின் சேராது, எரிச்சல் கூடும். லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயினே பொருத்தம். சுவைத்ததைத் துப்புவது அவமதிப்பு ஆகாது. அதற்கென்றே கலம் வைத்திருப்பார்கள். வண்டி ஓட்டிச் செல்பவர்கள் சுவைப்பைத் தவிர்ப்பதே நல்லது.